கொல்லிமலை ஊராட்சிகள்: கேள்வி பதில்

கேள்வி: கொல்லிமலை முழுவதும் ஒரே ஊராட்சியா?

பதில்: இல்லை. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலையில் 14 கிராம ஊராட்சிகள் சேர்ந்து ஓர் ஊராட்சி ஒன்றியமாக உள்ளன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் சமவெளி போல விரிந்த நிலம் தென்படும். ஆனால் ஒரே ஊராட்சியின் சிற்றூர்கள் ஓடைகளாலும் மேடுகளாலும் பிரிந்து சிதறிக் கிடப்பதால், வரைபடத்தில் அருகில் தெரியும் ஊருக்கு நெடுந்தொலைவு சுற்றிப் போக வேண்டியிருக்கும். இம்மலையின் நிர்வாகச் சிக்கல்களில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: ஆகாய கங்கை அருவிக்கு எந்த மாதத்தில் வரலாம்?

பதில்: சுற்றுலாத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சிற்றூரிலிருந்து கிராம சபைக்கு யாரும் போவதில்லை. அதனால் என்ன இழப்பு?

பதில்: பெரிய இழப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வந்தாக வேண்டும். தொலைவிலுள்ளவர்கள் வராதபோது, சபை கூடும் ஊரின் தேவைகளே தீர்மானமாகின்றன. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: காட்டு வழியே சாலை கேட்டால் வனத்துறை மறுக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் போன்ற பணிகளுக்கு ஒவ்வொன்றிற்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், அரசு அளிக்க இடம் தருகிறது. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்பட்டதோடு நின்றுவிடாதீர்கள். தீர்மான நகலோடு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள்.

கேள்வி: இங்கே பழங்குடியினரே பெரும்பான்மை என்பதால் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் (அட்டவணைப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரிவாக்கும் சட்டம்) பொருந்துமே?

பதில்: பொருந்தாது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி குடியரசுத் தலைவர் அறிவித்த பகுதிகளுக்கே அச்சட்டம் செல்லும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கிறதே? இங்கு அட்டவணைப் பகுதி உண்டு என்பதற்கு அதுவே சான்றாகாதா?

பதில்: ஆகாது. அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலத்திலும் பழங்குடியினர் இருந்தால் அக்குழுவை அமைக்கப் பணிக்கும் அதிகாரத்தை அதே அட்டவணை குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. ஆனாலும் உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. நிலம், நீர், சிறு வனப்பொருள் ஆகியவற்றில் பெசா சட்டம் சபைக்குத் தரும் வலிமை இங்கு இல்லாதிருப்பது, மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இம்மலைக்குப் பெருங்குறை. அறிவிப்புக் கோரும் தீர்மானத்தை 14 ஊராட்சிகளும் நிறைவேற்றலாம். அது வரும்வரை பெசாவை மேற்கோள் காட்டும் மனுக்கள் தள்ளுபடியாகும்.

கேள்வி: கிராம சபைக்கு எத்தனை பேர் வேண்டும்?

பதில்: மேலே எண்களோடு எழுதியிருக்கிறேன், வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பேரூராட்சியாக மாற்றினால் நல்லதுதானே?

பதில்: கிராம சபையும் ஊரகத் திட்டங்களும் கைவிட்டுப் போகும். நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: பெசா சட்டப்படி மனு எழுதித் தருவீர்களா?

பதில்: மாட்டேன், காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன். பிரிவு 3(2)இன் கீழ் சாலைக்கான மனு என்றால், சபைத் தீர்மானத்தின் நகலை அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.