லாஸ்பேட்டையில் ஏறி பாரீசில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 64, கணவருக்கு 70. முழங்கால் தேய்மானத்தால் அவரால் அதிகம் நடக்க முடியாது. பாரீசில் இருக்கும் மகளுக்கு டிசம்பர் கடைசியில் பிரசவம். எங்களுக்கு விசா கிடைத்துவிட்டது. எங்கள் ஏஜென்ட், நம் ஊர் லாஸ்பேட்டை விமான நிலையத்திலேயே ஏறி பெங்களூர் போய், அங்கிருந்து வளைகுடா வழியாகப் பாரீஸ் போகலாம், ஆளுக்கு 11,000 ரூபாய் குறையும், சென்னைக்கு டாக்சி செலவும் மிச்சம் என்கிறார். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாம். எடுக்கலாமா? அதோடு, இத்தனை பிரெஞ்சுக் குடும்பங்கள் இருக்கும் ஊர் நம்முடையது. சென்னையிலிருந்துகூட பாரீசுக்கு நேரடி விமானம் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. அந்த 22,000 ரூபாய் உங்களுக்கு மிச்சம் ஆகாது. எந்த ஊருக்கு எந்த விமானத்தை விடுவது என்று கணக்குப் போடும் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். அந்தக் கணக்கு புரிந்தால் உங்களுடைய இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் லாஸ்பேட்டை. அங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பாரீசுக்குப் போகிற மாதிரி பெரிய விமானத்துக்கு ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு வேண்டும். இப்போது வந்து போவது ஏடிஆர் 72 என்ற, இறக்கைக்கு ஒன்றாக விசிறி சுற்றும் சின்ன விமானம். இண்டிகோ அதில் 78 இருக்கை வைத்திருக்கிறது. 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு நம் நாட்டில் இறங்கு கட்டணம் கிடையாது. சின்ன விமானத்துக்கு எரிபொருள் வரியிலும் சலுகை உண்டு. இந்தச் சலுகைகள் இருப்பதால்தான் நம்மைப் போன்ற ஊருக்கு விமானம் கட்டுப்படியாகிறது. ஆனாலும் 78 இருக்கை என்பது சின்ன முதலீட்டில் நடத்தும் கடை மாதிரி. தினமும் பத்துப் பதினைந்து இருக்கை காலியாகப் பறந்தால் அந்த மாதம் போச்சு. அதே விமானத்துக்கு இன்னொரு ஊரில் நல்ல கூட்டம் இருந்தால், இங்கிருந்து எடுத்து அங்கே விட்டுவிடுவார்கள். நானே அப்படி எத்தனையோ ஊர்களிலிருந்து எடுத்திருக்கிறேன்.

நம் ஊர்க் கதையைப் பாருங்கள். 2013 ஜனவரியில் பெங்களூர் விமானம் வந்தது, அடுத்த வருடம் நின்றது. 2015-ல் இன்னொரு நிறுவனம் வந்தது, அந்த வருடத்தைக்கூடத் தாண்டவில்லை. 2017 ஆகஸ்டில் உதான் திட்டத்தில் ஐதராபாத் விமானம் வந்தது. 2024-ல் அதுவும் நின்று, மாதக்கணக்கில் லாஸ்பேட்டை முனையம் வெறிச்சோடிக் கிடந்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ வந்து பெங்களூரையும் ஐதராபாத்தையும் இணைத்தது.

உதான் என்றால், ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சில இருக்கைகளை 2,500 ரூபாய்க்குக் கொடு, அதனால் வரும் நஷ்டத்தை அரசு ஈடுகட்டும் என்ற ஏற்பாடு. அந்த உதவி மூன்று வருடத்துக்குத்தான். அப்புறம் அந்த ஊர் தன் காலில் நிற்க வேண்டும். 2023-ல் வந்த மத்திய தணிக்கை அறிக்கையைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆராய்ந்த 774 வழித்தடங்களில் 371-ல்தான் விமானமே ஓட ஆரம்பித்தது. மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் ஓடியவை 54. ரிப்பன் வெட்டும் நாளுக்கு அமைச்சர்கள் வருகிறார்கள். விமானம் நிற்கும் நாளுக்கு ஒரு அறிவிப்புப் பலகைகூட வருவதில்லை.

இப்போது வருகிற விமானம் டிசம்பரில் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு அன்றுதான் தொடங்கும். ஒவ்வொரு அட்டவணை மாறும்போதும் நேரம் மாறும், வாரத்தில் சில நாள் குறையும், காலை விமானம் மாலைக்குப் போகும். தனியாக பெங்களூர் போகிறவருக்கு அது சின்ன எரிச்சல், அவ்வளவுதான். பாரீஸ் டிக்கெட்டை அதன் வாலில் கட்டியிருக்கும் உங்களுக்கு மொத்தப் பயணமும் கவிழ்ந்துவிடும். டிசம்பர் நம் பக்கம் புயல் மாதம் வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி அந்த ஏஜென்ட் சொல்லும் 'இரண்டு தனி டிக்கெட்' விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது, இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன்.

ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களைப் பாரீஸ் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் அவர்கள் பொறுப்பிலேயே வரும். இரண்டு டிக்கெட் என்றால், வளைகுடா விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். "புதுச்சேரி விமானம் லேட்" என்று கவுண்டரில் அழுதாலும் அந்தப் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. புது டிக்கெட்டை அன்றைய விலையில் வாங்க வேண்டும், டிசம்பர் கடைசியில் அந்த விலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் நடக்கப் போவதைக் கண் முன்னே கொண்டுவந்து பாருங்கள். புதுச்சேரி விமானம் முதல் முனையத்தில் வந்து நிற்கும். பெட்டி வரும் வரை பெல்ட் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். இரண்டு பெரிய பெட்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றி, வெளியே வந்து, பஸ் பிடித்து, பன்னாட்டு விமானம் கிளம்பும் இரண்டாவது முனையத்துக்குப் போய், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு யார் இதைச் செய்வது? முதல் டிக்கெட்டில் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அந்தத் தகவல் இரண்டாவது நிறுவனத்துக்குத் தானாகப் போகாது.

எடையும் இடிக்கும். பாரீஸ் டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ போட்டிருக்கும். உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோதான். பிரசவத்துக்குப் போகிறவர் பிரசவ லேகியம், சுக்குப்பொடி, மிளகாய்த்தூள், குழந்தைத் துணி என்று எடுத்துப்போகாமல் இருப்பீர்களா? லாஸ்பேட்டைத் தராசில் 28 கிலோ காட்டும்போது கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டச் சொல்வார்கள். ஏஜென்ட் சொன்ன 11,000-இல் பெரும்பகுதி அந்தக் கவுண்டரிலேயே போய்விடும். அவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் விடுகிறார்.

தனி டிக்கெட் எப்போதுமே தப்பா என்றால், ஒரு சூழலில் பரவாயில்லை. அதையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் பாதியாகக் கேட்டு ஏமாந்தவர்கள் அதிகம். பெங்களூரில் உங்களுக்குச் சொந்தக்காரர் வீடு இருந்து, பாரீஸ் விமானத்துக்கு முந்தின நாளே போய் ஓர் இரவு முழுக்கத் தங்குவதாக இருந்தால் தனி டிக்கெட் எடுக்கலாம். ஓர் இரவு என்றால் ஓர் இரவுதான். "எட்டு மணி நேரம் இடைவெளி இருக்கே" என்பார்கள், போதாது. ஏடிஆர் விமானம் ரத்தானால் நம் ஊருக்கு அடுத்த விமானம் பெரும்பாலும் மறுநாள்தான். முந்தின நாள் பயணம் என்றால், அது ரத்தானாலும் அன்று இரவே ரயிலிலோ காரிலோ பெங்களூர் போய்விடலாம். 15 கிலோ சிக்கல் அப்போதும் இருக்கும், அதற்குக் கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் கவுண்டர் விலையைவிடக் குறையும். விமான நிலையத்துக்கு உள்ளேயே இரவைக் கழிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், உங்கள் கணவருக்கு அது ஆகாது. இத்தனையும் பொருந்தினால் மட்டும் சரி.

ஏஜென்ட் கொடுக்கும் தாளைப் பார்த்து ஒரே டிக்கெட்டா, இரண்டா என்று கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு பயணத்தையும் ஒரே தாளில் அழகாக அச்சடித்துத் தருவார்கள், அதை நம்பாதீர்கள். ஆறு எழுத்து பி.என்.ஆர். எண்ணைத் தேடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: 176 என்றால் எமிரேட்ஸ், 157 என்றால் கத்தார், 057 என்றால் ஏர் பிரான்ஸ். புதுச்சேரி–பெங்களூர் பயணமும் அதே 13 இலக்க எண்ணுக்குள் வந்தால் ஒரே டிக்கெட். அப்படிக் கிடைத்தால் தாராளமாக எடுங்கள், நான் தடுக்கவில்லை. புதுச்சேரி பயணம் அந்த எண்ணுக்குள் வராமல், வேறொரு பி.என்.ஆர். தனியாக இருந்தால், ஏஜென்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், கைபேசி எண். பல ஏஜென்ட்கள் பயணி எண்ணுக்குப் பதில் தங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். நேரம் மாறினால், ரத்தானால் செய்தி அவருக்குப் போகும். ரத்து பற்றி உரிய காலத்தில் தெரிவிக்காத நிறுவனம் பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி இருக்கிறது. அதே விதியில், சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் இருக்கிறது. ஏஜென்ட் எண்ணைப் போட்டதற்குத் தண்டனை பயணிக்கு! இந்த ஓட்டையை அடைக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

சரி, நேரடி விமானம் ஏன் இல்லை? ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்பது 1944-ல் சிகாகோவில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வரும் வழக்கம். அதன்படி நாடும் நாடும் உட்கார்ந்து, எந்த ஊர், வாரத்துக்கு எத்தனை விமானம் அல்லது எத்தனை இருக்கை என்று பேசி முடிப்பார்கள். துபாய்க்கும் நமக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை என்று 2014-ல் வைத்த வரம்பு பத்து வருடம் தாண்டியும் அப்படியே நின்றது. நம் நிறுவனங்களைக் காப்பாற்ற என்கிறது அரசு. அதில் ஒரு நியாயம் உண்டு: வளைகுடா நிறுவனங்கள் நம் ஊர்ப் பயணியைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பிரித்து அனுப்பிச் சம்பாதிக்கின்றன. ஆனால் கூட்டம் ஏறி இருக்கை ஏறாவிட்டால் விலைதான் ஏறும். விடுமுறை மாதத்தில் உங்கள் டிக்கெட் விலை எகிறுவதில் இந்த வரம்புக்கும் பங்கு உண்டு.

பாரீஸ் விஷயத்தில் உரிமையைவிடக் கணக்குதான் பெரிய தடை. சென்னையிலிருந்து பாரீஸ் சுமார் 8,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு முன்னூறு இருக்கை உள்ள விமானம் வேண்டும். தினமும் ஓடினால் போக வர அறுநூறு இருக்கையை நிரப்ப வேண்டும், அதுவும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும். நம் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் எல்லாம் ஜூலை ஆகஸ்டிலும் டிசம்பரிலும் குவிகிறோம். பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை தொடங்கும்போது வருகிற விமானம் நிரம்பி வழியும், திரும்புகிற விமானம் பாதி காலி. நாம் வாங்குவதும் குறைந்த விலை டிக்கெட். விமானத்தின் முன்வரிசையில் பெரிய விலை கொடுத்து வாரம் தவறாமல் பறக்கும் கம்பெனிக்காரர்கள் பெங்களூரில் அதிகம். ஏர் பிரான்ஸ் பெங்களூருக்கு விடாமல் வந்துகொண்டிருப்பது அதனால்தான். ஜெட் ஏர்வேஸ் 2017 அக்டோபரில் சென்னை–பாரீஸ் நேரடி விமானம் விட்டது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனமே நின்றுபோனது.

லாஸ்பேட்டை ஓடுபாதை நீளப் போகிறது, பன்னாட்டு விமானம் வரப் போகிறது என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்கள், மனையும் விற்கிறார்கள். நீட்டிக்கப் பக்கத்துத் தமிழ்நாட்டு நிலம் வேண்டும், அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நடக்கிறது. அதை நம்பி ஒரு ரூபாய் போடாதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை: சென்னையிலிருந்து பாரீஸ் வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே இடத்தில் மாறுவதாக எடுங்கள். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். நாற்காலியில் போகிறவருக்கு ஒன்றரை மணி நேரம் போதாது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் மூன்று மணி நேரம். விமானம் அதிகாலை நாலு மணிக்கு என்றால் முந்தின இரவு எட்டரைக்கு வண்டி ஏறுங்கள். மழை என்றால் இன்னும் ஒரு மணி முன்னால். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு, கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்னால் நிறுவனத்துக்கே போன் செய்து உறுதி செய்யுங்கள். பதிவில் உங்கள் எண்ணும் மகள் எண்ணும் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற கட்டணத்தில் வாங்குங்கள், சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. குழந்தை டாக்டர் சொன்ன தேதியில் பிறக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே. மாற்றும் தேதி மட்டும் விசாவில் கொடுத்த நாட்களுக்குள் இருக்கட்டும்.