கடைத் தொலைபேசியை கிளவுட்டுக்கு மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்கிறோம். வரும் அழைப்புகளைக் கடைக்குள் பிரித்துக் கொடுக்கும் பழைய பிபிஎக்ஸ் பெட்டி பழுதாகிவிட்டது, உதிரிப்பாகமும் கிடைக்கவில்லை. இணையம் வழியாக ஓடும் கிளவுட் தொலைபேசிக்கு மாறினால் பெட்டியே தேவையில்லை, ஒரு பயனருக்கு மாதம் 20 டொலர்தான் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி மூன்று வருட ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார். எங்களிடம் காலையில் ஐந்து பேரும் மாலையில் வேறு ஐந்து பேரும் தொலைபேசியைக் கவனிக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: மாறுங்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம்.

முதலில் பயனர் கணக்கைப் பாருங்கள். மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமத்தை ஆளின் பெயருக்கு ஒன்றாக விற்பார்கள்; ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கிலும் விற்பார்கள். முதல் முறையில் உங்களுக்குப் பத்து உரிமம், மாதம் 200 டொலர். இரண்டாவது முறையில் ஐந்து உரிமம் போதும். அதன் தனி விலை சற்று அதிகமாக இருந்தாலும் காலை, மாலை என இரண்டு குழுக்கள் மாறி மாறி வேலை செய்யும் உங்கள் கடைக்கு அதுவே பெரும்பாலும் மலிவாக வரும். பிரதிநிதி தானாக இதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை வியாபாரிகள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மாதம் 200 டொலர் என்றால் 40,000 ரூபாவாக இருந்த செலவு சில வாரங்களில் 72,000 ரூபா. மூன்று வருடத்துக்கு அந்த ஆபத்தை ஒரு மொத்த வியாபாரி ஏன் தலையில் சுமக்க வேண்டும்? ரூபாவில் விலை தரும் உள்ளூர் நிறுவனங்களிடமும் விலைமனு வாங்குங்கள். டொலர்தான் வேண்டும் என்றால் மாதாந்த ஒப்பந்தம், அதிகம் போனால் ஒரு வருடம். எந்த விலைமனுவிலும் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா, அழைப்புக் கட்டணம் தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். உரிமக் கட்டணத்தைக் காட்டிவிட்டு நிமிடக் கட்டணத்தைக் காட்டாத விலைமனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் விடயம் மின்சாரம். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஆகவே கடையில் மின்சாரம் போனாலும் மணி ஒலித்தது. கிளவுட் தொலைபேசிக்கு இணையம் தரும் பைபர் கம்பி ஒளியைத்தான் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. கணினிக்கு மட்டும் யூபிஎஸ் வாங்கி வைத்துவிட்டு, பைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சுவரில் நேரடியாகச் செருகியிருந்தால் தொலைபேசி செத்துவிடும். அந்த இரண்டும் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சிறிய யூபிஎஸ் ஒன்றே நெடுநேரம் தாங்கும். அத்துடன் வேறு நிறுவனத்தின் 4ஜி இணைப்பு ஒன்றை ரவுட்டரில் மாற்று வழியாக வையுங்கள். இரண்டும் விழுந்தால் அழைப்புகள் தானாக உங்கள் கைபேசிக்குப் போகும்படி அமைக்கவும் சொல்லுங்கள். கிளவுட் தொலைபேசியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: உங்கள் கடை இருட்டில் கிடந்தாலும் அழைப்புகளை இணைக்கும் மென்பொருள் வேறோர் ஊரின் தரவு நிலையத்தில் விழித்திருக்கும். அந்த வசதியை அமைத்து, பைபர் கம்பியைக் கழற்றிவிட்டு உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டாத நிறுவனத்துக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

“99.9 சதவீத சேவை உத்தரவாதம்” என்று தாளில் இருக்கும். அதன் பொருள் மாதத்துக்கு ஏறக்குறைய 43 நிமிடங்கள் நின்றாலும் அது ஒப்பந்த மீறல் ஆகாது என்பதே. 99.5 என்றால் 3 மணி 36 நிமிடங்கள். அதுவும் அவர்களுடைய சேவையகம் நின்றால்தான் கணக்கு. உங்கள் தெருவில் கம்பி அறுந்தால் அவர்களுக்குப் பொறுப்பில்லை. இழப்பீடும் பெரும்பாலும் அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு கழிவு, அவ்வளவுதான். போயா தினத்துக்கு முந்திய நாள் வராமல் போன ஓடர்களுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் 011 இலக்கம் யார் பெயரில் இருக்கப் போகிறது? பல வருடங்களாகப் பற்றுச்சீட்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட இலக்கம் அது. அது உங்கள் வியாபாரப் பதிவுப் பெயரில்தான் இருக்க வேண்டும், மறுவிற்பனை செய்யும் இடைத்தரகர் பெயரில் இருக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தாலும் இலக்கம் உங்களிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரியை எழுத மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்தோடு இலக்கம், கட்டணம் பற்றித் தகராறு வந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

கேள்வி: வெள்ளவத்தையில் பயண முகவர் நிலையம் நடத்துகிறேன். 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் கிளவுட் தொலைபேசியில் மாலை நேரங்களில் குரல் துண்டு துண்டாக வருகிறது, சில வேளை மறுமுனையில் பேசுவது கேட்பதே இல்லை. 300 எம்பிபிஎஸ் பொதிக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். குரலைத் தரவாக மாற்றும் சாதாரண ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 87 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்கூட ஆகாது. வேகம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. குரல் உடைவதற்குக் காரணம், அதைச் சுமந்து வரும் சிறு தரவுத் துண்டுகள் சீராக வந்து சேராததே. அழைப்புகளை இணைக்கும் அவர்களுடைய தரவு நிலையம் மும்பையில் இருக்கிறதா சிங்கப்பூரில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள நிலையம் வழியாகச் சுற்றி வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தடுமாற வேண்டியதுதான்.

ஆனால் உங்களுக்கு மாலையில் மட்டும் வருகிறது என்பதால் உங்கள் அலுவலகத்துக்குள் முதலில் தேடுங்கள். பாதுகாப்புக் கமராக்கள் தம் பதிவுகளை இணையத்துக்கு ஏற்றும் நேரம் எது? கணினிகளின் காப்புப் பிரதி எப்போது ஓடுகிறது? பதிவிறக்க வேகம் எவ்வளவு இருந்தாலும் பதிவேற்றப் பாதை அடைபட்டால் குரல் உடையும். அவற்றை இரவுக்கு மாற்றுங்கள். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கோளாறுக்கு ரவுட்டரில் அழைப்புத் தரவில் தலையிடும் “எஸ்ஐபி ஏஎல்ஜி” என்ற அமைப்பு அடிக்கடி காரணமாகிறது. அதை அணைத்துப் பாருங்கள். தொலைபேசியில் பேசுவோரின் கணினிகளை வைபையில் விடாமல் கம்பியில் இணையுங்கள். இத்தனைக்குப் பிறகும் குறை தீராவிட்டால் சேவை நிறுவனத்திடம் அழைப்புவாரியான தர அறிக்கை கேளுங்கள். தரவு இழப்பு எந்தத் திசையில் ஒரு சதவீதத்தைத் தாண்டுகிறது என்று பாருங்கள், பிரச்சினை எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரியும்.

கேள்வி: எங்கள் மருத்துவ ஆய்வுகூடத்தின் கால் சென்டரில் எல்லா அழைப்புகளையும் பதிவு செய்கிறோம். சிலர் தொலைபேசியிலேயே கிரெடிட் கார்ட் விவரம் சொல்லிப் பணம் கட்டுகிறார்கள். கிளவுட்டில் வைத்தால் பாதுகாப்பா?

பதில்: கார்ட்டின் பின்புறம் உள்ள மூன்று இலக்கக் குறியீட்டைப் பணம் பெற்ற பின் எந்த வடிவிலும் சேமிக்கக் கூடாது என்பது கார்ட் நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. ஒலிப்பதிவும் அதில் அடங்கும். எனவே அந்த நேரத்தில் பதிவு தானாக நிற்கும் வசதி இல்லாத மென்பொருளை வாங்காதீர்கள். அதைவிட நல்லது, பணம் செலுத்தும் இணைப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்புவது.

நோயாளியின் ஆய்வு முடிவைப் பற்றிப் பேசுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாகவே பார்க்கிறது. பதிவுகள் எந்த நாட்டில் வைக்கப்படுகின்றன, யார் திறந்து கேட்கலாம், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அழைப்பவருக்கும் பதிவு செய்வதை முதலிலேயே சொல்லுங்கள். சுருக்காமல் சேமித்தால் ஒரு மணிநேரப் பேச்சு சுமார் 29 எம்பி. பத்துப் பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் பேசினால் 26 வேலை நாள் கொண்ட மாதத்தில் சுமார் 30 ஜிபி சேரும். இலவச சேமிப்பு எத்தனை நாளுக்கு, அதன் பின் கட்டணம் எவ்வளவு, விலகும்போது பதிவுகளை நாமே இறக்கி எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் கூரியர் சேவை நடத்துகிறோம். தானியங்கிக் குரலில் தமிழும் தருகிறோம் என்கிறார்கள். அதுவே போதுமா?

பதில்: வாங்கும் முன் அந்தக் குரலில் “ஜிந்துப்பிட்டி”, “பம்பலப்பிட்டி”, “மட்டக்களப்பு” என்று சொல்லவைத்துக் கேளுங்கள். ஊர்ப் பெயரும் தொகையும் தெளிவாக வராவிட்டால், நல்ல உச்சரிப்புள்ள உங்கள் ஊழியர் ஒருவரைக் கொண்டு அமைதியான அறையில் பதிவு செய்யுங்கள். பெரிய செலவில்லை.

மொழித் தெரிவை வரவேற்புரைக்கு முன்னாலேயே வையுங்கள். நீண்ட ஆங்கில அறிமுகத்தைக் கேட்டுத் தமிழ் மூதாட்டி ஒருவர் ஏன் காத்திருக்க வேண்டும்? தமிழ் இலக்கத்தை அழுத்தியவர் தமிழ் பேசும் ஊழியரிடமே போய்ச் சேர வேண்டும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் தமிழ் வரிசை சிங்கள ஊழியரிடம் முடியும் நிறுவனங்கள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. எந்த மொழி வரிசையில் எத்தனை பேர் காத்திருந்து வைத்துவிட்டார்கள் என்பதைத் தனித்தனியே காட்டும் அறிக்கை மென்பொருளில் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு மாதம் பாருங்கள், எந்த நேரத்தில் தமிழ் பேசும் ஊழியர் இன்னொருவர் தேவை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.