ஜெர்மனியில் 2,800 யூரோ, துருக்கியில் 4,500 டாலர்: மகன் எந்தக் கிளப்பில் ஆடுவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 22 வயது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் பிறந்து வளர்ந்தவன், அமெரிக்கக் குடிமகன். நான்கு வருடம் டிவிஷன் ஒன் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடி, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் வாங்கிவிட்டான். ஒரு கம்பெனி 85,000 டாலர் சம்பளத்தில் வேலை தருகிறது. அவனோ வெளிநாடு போய் ஆடுவேன் என்கிறான். ஏஜென்ட் இரண்டு வாய்ப்பு கொண்டுவந்திருக்கிறார். ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீகான புரோ ஏ-வில் மாதம் 2,800 யூரோ, துருக்கியின் இரண்டாம் நிலை லீகில் மாதம் 4,500 டாலர். இரண்டும் வரி போகக் கையில் வருவது, பத்து மாதத்துக்கு, வீடு கிளப் தரும். அவன் மேல்படிப்புக்கு 60,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். அதிலிருந்து எடுத்து உதவலாமா? இல்லை, போகவே வேண்டாம் என்று சொல்வதா? இவருக்கும் மகனுக்கும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை சார்.

பதில்: போகட்டும். ஆனால் துருக்கிக்கு வேண்டாம், ஜெர்மனிக்குப் போகட்டும். அந்த 60,000 டாலரை யாரும் தொட வேண்டாம். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள நான் வழி சொல்ல முடியாது, கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இதற்கு என்ன விலை என்று பார்ப்போம். 85,000 டாலர் வேலையில் மத்திய வரி, கலிஃபோர்னியா வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாம் போக வருடத்துக்குச் சுமார் 63,000 டாலர் கைக்கு வரும். ஜெர்மனியில் பத்து மாதத்துக்கு 28,000 யூரோ. உங்களோடு தங்கியே வேலைக்குப் போயிருப்பான் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 30,000 டாலரை விட்டுக்கொடுக்கிறான். இரண்டு வருடத்துக்கு 60,000. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் 24 வயதில் கடன் இல்லாமல், கையில் பட்டத்தோடு திரும்பி வருகிறவனுக்கு ஈடுகட்ட முடியாத தொகையும் இல்லை. அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக் என்பிஏ. அதன் துணை லீகான ஜி லீகில்கூட 2023-24 சீசன் சம்பளம் 40,500 டாலர்தான். இந்தத் தொழிலில் தொடக்கச் சம்பளம் எல்லா இடத்திலும் இப்படித்தான்.

இனி, "கையில் வருவது" என்ற பேச்சு. அந்தந்த நாட்டு வரி போகக் கையில் வருவது என்பதுதான் அதன் பொருள். அமெரிக்க வரிக்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் ரிட்டர்ன் போட வேண்டும். கிளப் அவனுக்காகக் கட்டும் வரியும் அவன் வருமானமாகவே சேரும்.

"வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு இருக்கிறதே" என்று தெரிந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். 2025-க்கு அந்த வரம்பு 1,30,000 டாலர். ஆனால் அதற்குத் தொடர்ச்சியான 12 மாதத்தில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். கூடைப்பந்து சீசன் பத்து மாதம், ஏறக்குறைய 300 நாள். சீசன் முடிந்ததும் பையன் அம்மா சமையலுக்கு ஓடி வந்துவிடுவான், கணக்கு உதைக்கும். ஒரு முழுக் காலண்டர் வருடம் அங்கேயே குடியிருந்ததாகக் காட்டும் இன்னொரு வழியும் முதல் வருடத்தில் எடுபடாது.

ஆகவே அவனுக்கு ஏற்றது, அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளும் வழி. அதற்குப் படிவம் 1116. ஜெர்மனியின் வரி கூடுதல் என்பதால் அமெரிக்க மத்திய வரி பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும். கழித்தது போக மிஞ்சிய வெளிநாட்டு வரியைப் பத்து வருடம் வரை அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்குக்கு எடுத்துச் செல்லலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சம்பளம் முழுவதற்கும் விலக்கு வாங்கினால் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போட முடியாது. வரியைக் கழித்துக்கொள்ளும் வழியில் போனால் போடலாம், 2025-க்கு 7,000 டாலர் வரை.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு காகிதம். கிளப் எவ்வளவு சம்பளம் காட்டியது, எவ்வளவு வரி கட்டியது என்ற ஆண்டுச் சான்று. ஜெர்மனியில் அதை லோன்ஷ்டொயர்பெஷைனிகுங் என்பார்கள். முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். துருக்கி வாய்ப்பில் நான் தயங்குவது இந்த இடத்தில்தான். கிளப் பேசிய வரியைக் கட்டாமல் விட்டாலோ, கட்டிய சான்றைத் தராமல் இழுத்தடித்தாலோ, இங்கே கழிக்க ஒன்றும் இருக்காது. 45,000 டாலருக்கும் அமெரிக்க வரி அவன் தலையில் விழும். இன்னொன்று, ஜெர்மனியோடு அமெரிக்காவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே கட்டிய மாதங்கள் பிற்காலத்தில் இங்கே ஓய்வூதியத் தகுதிக்கு உதவும். துருக்கியோடு அப்படி ஒன்று இல்லை.

கலிஃபோர்னியாவை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுச் சம்பள விலக்கை அந்த மாநிலம் ஏற்காது, வெளிநாட்டில் கட்டிய வரியையும் கழிக்க விடாது. வேலை ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து 546 நாள் மாநிலத்துக்கு வெளியே இருப்பவருக்குச் சலுகை உண்டு. ஆனால் வருடத்தில் 45 நாளுக்கு மேல் ஊரில் தங்கினால் அதுவும் போச்சு. கோடை விடுமுறைக்கு ஃப்ரீமாண்ட்டில் வந்து உட்காருகிறவனுக்கு இது பொருந்தாது. இந்தச் சம்பளத்துக்குப் பெரிய தொகை வராது, ஆனாலும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

துருக்கிக் கிளப்புகள் எல்லாம் ஏமாற்றும் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகக் கொடுப்பவர்களும் உண்டு. பையனுக்கு அங்கேதான் மனசு என்றால், ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா ஏற்படுத்தியது அது, சட்டப்படி அதன் இருப்பிடம் ஜெனீவா. வழக்கு ஆங்கிலத்தில் நடக்கும், ஒரே நடுவர் தீர்ப்பார். தீர்ப்புப்படி பணம் தராத கிளப், புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபீபா தடை போடலாம். தடையில் உள்ள கிளப்புகளின் பட்டியலை ஃபீபா தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. கையெழுத்துக்கு முன் அதில் பெயர் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் தீர்ப்பு வர மாதங்கள் ஆகும், வழக்குக் கட்டணத்தை முதலில் உங்கள் பையன்தான் கட்ட வேண்டும்.

ஜெர்மனி ஒப்பந்தத்திலும் மூன்று விதிகளை நிதானமாகப் படியுங்கள். மருத்துவப் பரிசோதனை எத்தனை நாளுக்குள் முடிய வேண்டும்? அதன் பிறகு சம்பளம் உறுதியா, அல்லது நடுவில் ஆளை மாற்றிக்கொள்ளக் கிளப்புக்கு உரிமை இருக்கிறதா? சம்பளம் எத்தனை நாள் தாமதமானால் அவன் விலகலாம்? நடு சீசனில் வெளிநாட்டு ஆட்டக்காரரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூட்டி வருவது ஐரோப்பாவில் சகஜம். ஏஜென்ட் கமிஷன் வழக்கமாகப் பத்து சதவிகிதம், அதைக் கிளப்தான் தரும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அந்த ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள்.

காயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என் கவலை அதில்தான். ஜெர்மனியில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களுக்குச் சட்டப்படியான விபத்துக் காப்பீடு உண்டு. விடுமுறையில் இங்கே வரும்போது உங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸில் 26 வயது வரை அவன் இருக்கலாம். ஜெர்மனி போகிறான் என்று பெயரை எடுத்துவிடாதீர்கள். அங்கே அவன் வங்கிக் கணக்கில் ஒரு நாளாவது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை தர வேண்டும், வரி ஏதும் கிடையாது. மறந்தால் அபராதம் கடுமை.

எத்தனை வருடம்? கைல் ஹைன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2008-ல் இத்தாலியின் இரண்டாம் நிலை லீகில் தொடங்கி, ஜெர்மனியின் பாம்பெர்க் வழியாகப் போய், ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான யூரோலீக் கோப்பையை நான்கு முறை வென்றார். பி.ஜே. டக்கர் என்பிஏ-வில் இடம் போய், இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று சுற்றி, 2012-ல் திரும்பவும் என்பிஏ-வுக்கு வந்தார், 2021-ல் மில்வாக்கி அணியோடு சாம்பியனும் ஆனார். பையன் இந்தப் பெயர்களை உங்களிடம் நிச்சயம் சொல்லியிருப்பான். ஐந்தாவது வருடமும் அதே 2,800 யூரோவில் ஆடிக்கொண்டிருப்பவர்களின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு சீசன் கொடுங்கள். அதற்குள் மேல்நிலை லீகிலிருந்தோ, இப்போதைய சம்பளத்தைப் போல் இரு மடங்குக்கோ அழைப்பு வராவிட்டால் நிறுத்திக்கொள்வது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அப்போது மேல்படிப்புக்கு அந்த 60,000 அப்படியே இருக்கும். விமான டிக்கெட்டைக் கிளப் தருகிறதா என்று கேளுங்கள். முதல் சம்பளம் வரும் வரை கைச்செலவுக்கு 2,000 டாலர், அதுவும் அந்த 60,000-ஐத் தொடாமல் உங்கள் வேறு சேமிப்பிலிருந்து, போதும்.

வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியிடம் சேரும் தேதியை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று அவனையே ஈமெயிலில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், ஒரு வருடத்துக்குச் சிலர் சம்மதிப்பார்கள்.