கில்மன் தெருவின் கதவு

அன்புள்ள சார்,

போன மாதம் நீங்கள் எழுதிய இசைக் கட்டுரையில் கிரீன் டே என்ற அமெரிக்க பங்க் ராக் பேண்ட் பற்றி இரண்டு வரி வந்திருந்தது. நான் கல்லூரி நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு சின்ன பேண்ட் நடத்துகிறேன். பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அவர்களுடைய 'டூக்கி' ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிக்கவே பழகினேன். 1993-ல் அவர்கள் ஒரு பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதும், அவர்களை வளர்த்த பெர்க்லி கிளப் இனி இங்கே வாசிக்க இடமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சமீபத்தில்தான் படித்தேன். ரொம்பக் கோபம் வந்தது. பொறாமையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியுமா? எங்கள் ட்ரம்மரோ நேர் எதிராகப் பேசுகிறான். அவர்கள் விலைபோனவர்கள், 1993-க்குப் பிறகு அவர்களிடம் கேட்க ஒன்றுமே இல்லை என்கிறான். இரண்டு வாரமாக ரிகர்சலில் இதே சண்டைதான். நீங்கள் யார் பக்கம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேள்வியை நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தியவர்கள் செய்தது சரி என்பதே என் எண்ணம். அதனால் உங்கள் ட்ரம்மர் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் சொல்வதை நான் துளியும் ஏற்கவில்லை.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெரு. பழைய கிடங்கு ஒன்று. பக்கத்துக் கதவில் பிரம்பு நாற்காலி பின்னுவதற்கான சாமான் விற்கும் கடை. 1986 டிசம்பர் 31 இரவு அது கிளப்பாகத் திறக்கப்பட்டது. பின்னால் இருந்து உழைத்தவர்களில் முக்கியமானவர் டிம் யொஹானன், 'மாக்சிமம் ராக்அண்ட்ரோல்' என்ற பங்க் சிற்றிதழை நடத்தியவர். அங்கே மது கிடையாது, போதை கிடையாது, அடிதடி கிடையாது. இனவெறிக்கும் பெண்களை இழிவுபடுத்துவதற்கும் தன்பாலீர்ப்பாளர்களைக் கேவலப்படுத்துவதற்கும் இடமில்லை என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். டிக்கெட் கிழிப்பது, ஒலி அமைப்பது, முடிந்தபின் கூட்டிப் பெருக்குவது எல்லாம் தொண்டர்கள் வேலை. எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் பார்களில் நடக்கும் கச்சேரிகளுக்குள் நுழையப் பெரும்பாலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் வாசிக்கவும் கேட்கவும் போக இடமே இல்லை. கில்மன் இல்லாவிட்டால் கிரீன் டே கார் ஷெட்டோடு நின்றிருக்கும்.

அந்தப் பையன்கள் வந்தது ரோடியோ என்ற ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடா ஓரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் சின்ன ஊர். பாடுபவரும் கிட்டார் வாசிப்பவருமான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் அப்பா லாரி ஓட்டுநர், ஜாஸ் ட்ரம்ஸும் வாசிப்பார். 1982 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது பத்து வயது. அம்மா ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர். அந்த அம்மா எப்படியோ பணம் புரட்டி மகனுக்கு வாங்கித் தந்தது ஒரு நீலக் கிட்டார். ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரியே ஃபெர்னாண்டஸ் கம்பெனி செய்தது, அதுவும் பழையது. 'டூக்கி'யில் வரும் 'லாங்வியூ' பாட்டின் வீடியோவில் உடம்பெல்லாம் ஸ்டிக்கரும் கீறலுமாக ஒரு கிட்டார் தெரிகிறதே, அதுதான் இது. கோடிக்கணக்கில் சம்பாதித்த பிறகும் அவர் அதைக் கைவிடவில்லை.

பேஸ் வாசிக்கும் மைக் டர்ன்ட்டை அவர் பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சந்தித்தபோது இருவருக்குமே பத்து வயதுதான். 'ஸ்வீட் சில்ட்ரன்' என்று பெயர் வைத்துக்கொண்டு, 1987-ல் பில்லி ஜோவின் அம்மா வேலை பார்த்த உணவகத்திலேயே முதல் கச்சேரி செய்தார்கள். அப்புறம் கில்மன். 1989 மே மாதம் அந்த வட்டாரத்தின் அன்புக்குரிய பேண்டான ஆபரேஷன் ஐவி அங்கே கடைசிக் கச்சேரி செய்த அன்று, இவர்களும் அதே மேடையில் 'கிரீன் டே' என்ற புதுப் பெயரில் வாசித்தார்கள்.

லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசைக் கம்பெனியை நடத்திய லாரி லிவர்மோர் அவர்களை முதலில் கேட்ட கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மலைப்பக்கம் ஒரு வீடு. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடுகிறது, மெழுகுவர்த்தி வெளிச்சம். கேட்க வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தக் கைப்பிடி ஆட்களுக்கு முன்னால், ஒரு ஸ்டேடியமே நிறைந்திருப்பது போல் அந்தப் பையன்கள் வாசித்தார்களாம். ரெக்கார்டு போடலாம் என்று லிவர்மோர் உடனே முடிவு செய்துவிட்டார். அதே மலையில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ட்ரம்ஸ் கொடுத்துத் தன் சொந்த பேண்டில் சேர்த்து, ட்ரே கூல் என்று பெயரும் வைத்தவர் அவர்தான். முதல் ட்ரம்மர் ஜான் கிஃப்மையர் 1990-ல் கல்லூரிக்குப் போனதும் கிரீன் டேயில் வந்து உட்கார்ந்தது இந்த ட்ரே. ட்ரேயின் அப்பா, ஊர் ஊராகப் போகும் பழைய நூலக வண்டி ஒன்றைச் சரிசெய்து, பேண்டை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினார். இப்படி ஒரு வட்டாரமே தோள்கொடுத்துத் தூக்கிவிட்ட பேண்ட் இது.

1991 டிசம்பரில் லுக்அவுட் வழியாக 'கெர்ப்ளங்க்' வந்தது. ஒரு சின்னக் கம்பெனிக்கு அது தாங்க முடியாத அளவு விற்றது. 1993-க்குள் பெரிய கம்பெனிகள் வரிசையில் நின்றன. வார்னர் குழுமத்தின் ரிப்ரைஸிலிருந்து வந்த ராப் கவல்லோ, கிட்டாரை எடுத்து அவர்கள் கேட்ட பீட்டில்ஸ் பாட்டுகளை எல்லாம் வாசித்துக் காட்டியே மனதைப் பிடித்துவிட்டார். ஒப்பந்தம் ஆனது. 1993 செப்டம்பரில் கில்மனில் கடைசியாக வாசித்தார்கள். பெரிய கம்பெனி பேண்ட் எதுவும் அங்கே மேடையேறக் கூடாது என்பது விதி. அத்தோடு கதவு மூடியது. பில்லி ஜோ சாக வேண்டும் என்று கழிப்பறைச் சுவரில் யாரோ கிறுக்கியும் வைத்தார்கள்.

அந்தக் கிறுக்கலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விதி வேறு. 1994 பிப்ரவரியில் 'டூக்கி' வந்தது. 1999-க்குள் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதி. சில நூறு பேர் நிற்கக்கூடிய, தொண்டர்கள் நடத்தும் கிடங்குக்குள் அவ்வளவு பெரிய பேண்டை விட்டால் என்ன ஆகும்? டிவிக்காரர்கள், கம்பெனி ஆட்கள், தெரு முழுக்கக் கூட்டம். அதே 1994 செப்டம்பரில் பாஸ்டனில் அவர்கள் இலவசக் கச்சேரி நடத்தியபோது பல்லாயிரம் பேர் திரண்டு, ஏழு பாட்டிலேயே கலவரமாகி நிறுத்த வேண்டிவந்தது. கில்மன் மேடை அடுத்த பதினைந்து வயதுப் பையனுக்காகக் காலியாக இருக்க வேண்டும் என்றால் யாராவது கதவருகே நின்று 'நீ வளர்ந்துவிட்டாய், வேறு இடம் பார்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். தங்களுக்குப் பிரியமானவர்களிடமே அதைச் சொன்னார்கள் என்பதால்தான் எனக்கு அந்த விதிமேல் மரியாதை. பொறாமை என்றால் ஆளுக்கு ஆள் மாறும். இந்த விதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது.

அந்தக் காலத்துக் கோபம் எல்லை மீறிய இடங்களும் உண்டு. ஜாபிரேக்கர் என்ற அருமையான பேண்ட் 1995-ல் ஒரு பெரிய கம்பெனிக்கு ஆல்பம் செய்தது. பழைய ரசிகர்கள் கச்சேரிக்கு வந்து, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷமே பேண்ட் கலைந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு விதியை எல்லோருக்கும் பொதுவாக வைப்பதும், காசு கொடுத்து உள்ளே வந்து ஒரு மனிதனை முகத்துக்கு நேரே அவமானப்படுத்துவதும் எப்படி ஒன்றாகும்?

சரி, உங்கள் ட்ரம்மருக்கு வருகிறேன். 1993-க்குப் பிறகு ஒன்றுமில்லை என்கிறாரே, மூடிய அந்தக் கதவைப் பற்றியே ஒரு பாட்டு இருப்பது அவருக்குத் தெரியுமா? 1995-ல் வந்த 'இன்சோம்னியாக்' ஆல்பத்தில் '86'. ஓட்டல், பார்களில் ஒருவரை வெளியே அனுப்புவதைக் குறிக்கும் அமெரிக்கக் கொச்சை அந்த எண். வீட்டுக்குள் விடாமல் நிறுத்தப்பட்டவனின் வலி அதில் அப்படியே இருக்கிறது. அந்த ஆல்பம் 'டூக்கி' அளவுக்கு விற்கவில்லை. ஒலி இறுக்கமாக, எரிச்சலோடு, சிரிப்பே இல்லாமல் இருக்கும். விலைபோனவர்கள் என்றால் 'டூக்கி'யையே மறுபடியும் செய்து கொடுத்திருப்பார்கள். எனக்கு அவர்கள் ஆல்பங்களில் மிக நெருக்கமானது இதுதான்.

1997-ல் 'நிம்ராட்'. அதில் ஒரு ஒற்றைக் கிட்டார் பாட்டு, பின்னால் வயலின்கள். 'குட் ரிடன்ஸ்'. ஹெட்ஃபோனில் ஆரம்பத்தைக் கேளுங்கள். பில்லி ஜோவின் கை தடுமாறுகிறது, திரும்பத் தொடங்குகிறார், மறுபடியும் தடுமாறுகிறது, வாய்க்குள் ஒரு வசவு, அப்புறம்தான் பாட்டு. பெரிய கம்பெனி, பெரிய ஸ்டூடியோ. அந்த இரண்டு தடுமாற்றத்தை வெட்டி எறிய அரை நிமிஷம் போதும். வெட்டவில்லை. நான் அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இன்றும் அந்த இடம் வரும்போது ஒரு அறையில் அவர் எதிரே உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

2000-ல் வந்த 'வார்னிங்' சரியாகப் போகவில்லை. 2003-ல் ஏறக்குறைய முடித்து வைத்திருந்த ஆல்பத்தின் மூல நாடாக்கள் ஸ்டூடியோவிலிருந்து திருட்டுப் போயின. அதையே மறுபடி பதிவு செய்யாமல் புதிதாகத் தொடங்கினார்கள். தனியாக இருந்த ஒருநாள் மைக் அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டுப் பாட்டுச் செய்தார். மற்ற இருவரும் ஆளுக்கு அரை நிமிஷம் ஒட்டினார்கள். அந்த விளையாட்டு வளர்ந்துதான் ஒன்பது நிமிஷத்தைத் தாண்டிய பாட்டுகளும் 2004-ன் 'அமெரிக்கன் இடியட்'டும் வந்தன. ஈராக் போர்க் காலத்தில் அரசையும் டிவியையும் நேராகத் தாக்கிய ஆல்பம். பில்லி ஜோவின் அப்பா இறந்த செப்டம்பர் பற்றிய பாட்டும் அதில்தான், இருபத்திரண்டு வருஷம் கழித்து. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

அடுத்த வருஷம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2005-ல் கிரீன் டே தங்கள் முதல் இரண்டு ஆல்பங்களையும் லுக்அவுட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. சேர வேண்டிய ராயல்டி வராததுதான் காரணம். லிவர்மோர் அதற்குப் பல வருஷம் முன்பே விலகியிருந்தார். சின்னக் கம்பெனி என்றாலே சுத்தம், பெரியது என்றாலே அழுக்கு என்று உங்கள் நண்பர் சொன்னால் இதைக் காட்டுங்கள். நீங்கள் நாளைக்கு யாரோடு கையெழுத்துப் போட்டாலும் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், நண்பராக இருந்தாலும் கூட.

2012-ல் பில்லி ஜோ குடியிலிருந்தும் மாத்திரைகளிலிருந்தும் மீள சிகிச்சைக்குப் போனார். 2015 ஏப்ரலில், தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே, ராக் இசையில் பெரிய கௌரவமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேண்டைச் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு கிளீவ்லாண்டில் பழைய ட்ரம்மர் கிஃப்மையரையும் அழைத்து 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பழைய பெயரிலேயே வாசித்தார்கள். ஒரு மாதத்தில், மே 17 அன்று, கில்மனில் கிரீன் டே. இருபத்தொரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தீ விபத்தில் சேதப்பட்ட ஏகே பிரஸ் என்ற, அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதக் கொள்கையுள்ள பதிப்பகத்துக்கும் அதே கட்டடத்தில் இருந்த ஓர் அச்சகத்துக்கும் நிதி திரட்டும் கச்சேரி அது. தங்களுக்காகக் கதவு திறக்கவேண்டும் என்று வந்து நிற்காமல், வட்டாரத்துக்காக வந்தார்கள். எனக்கு ஹால் ஆஃப் ஃபேமை விட அந்த இரவுதான் பெரிது.

கடைசியாக ஒன்று. 'வெல்கம் டு பாரடைஸ்' என்ற பாட்டை அவர்கள் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் 'கெர்ப்ளங்க்'குக்காக, பிறகு 'டூக்கி'க்காக. வீட்டைவிட்டு வந்தவன் அம்மாவுக்குச் சொல்வது போன்ற பாட்டு. மூன்று வாரமாகிறது, பயமாக இருக்கிறது என்று தொடங்குவான். அடுத்த சரணத்தில் ஆறு மாதமாகியிருக்கும், அந்த இடிந்த இடமே அவனுக்கு வீடாகியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. அடுத்த ரிகர்சலில் எது எந்த ஆல்பம் என்று சொல்லாமல் இரண்டையும் போடுங்கள். ட்ரம்மரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் ஒலி துலக்கம், ட்ரம்ஸ் பக்கத்தில் வந்துவிடும். நடுவில் பேஸ் தனியாக நடந்து, கிட்டார் மெல்லச் சேர்ந்து, எல்லாம் ஒன்றாக வெடிக்கும் அந்த நீளமான இடம் இரண்டிலும் இருக்கிறது. அதை நீங்கள் நால்வரும் வாசித்துப் பாருங்கள். எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.