பக்கவாதம் வந்த அம்மாவின் கைக்கு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலேயே பயிற்சிக் கருவி செய்ய முடியுமா?

முடியும். இலங்கையின் ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு இடது கை அசையவில்லை என்கிறீர்கள். முதலில் கண்ணாடிப் பெட்டி செய்யுங்கள். அட்டைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வலது கையைப் பார்த்தபடி பொருத்தி, இடது கையை உள்ளே வையுங்கள். வலது கை விரல்களை மடக்கி விரிக்கும்போது, கண்ணாடியில் இடது கையே அசைவது போலத் தெரியும். அந்தக் காட்சி மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டுகிறது. நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், இழந்த கையிலேயே வலிப்பதாக உணர்பவர்களுக்காகக் கண்ட வழி இது. கண்ணாடி விளிம்பில் டேப் ஒட்டுங்கள். உணர்ச்சி குறைந்த கை வெட்டுப்பட்டாலும் தெரியாது.

அப்புறம், விரல் அசையத் தொடங்கினால் கொழுந்தையே கொடுங்கள். இரண்டு விரலால் எடுத்துக் கூடையில் போடட்டும். பழகிய வேலையில் மனசு ஒட்டும்.

கதவில் கப்பி கட்டிக் கையை மேலே இழுக்க மட்டும் வேண்டாம். தளர்ந்த தோள்மூட்டு காயப்படும்.