முதலில் கல்லா, மணலா? மீன் தொட்டியில் பாறை அடுக்கும் முறை

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "90×45×45 செ.மீ. அளவில் மூன்றடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். மலாவி சிக்லிட் வளர்க்க ஆசை. 30 கிலோ கல் வாங்கி வைத்துவிட்டேன். நான்கு வயது மகன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பான். கல் சரிந்து தொட்டி உடைந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மணலை முதலில் போடுவதா, கல்லை முதலில் வைப்பதா? சிலிக்கான் போட்டு ஒட்டிவிட்டால் போதுமா?"

கல்தான் முதலில். சிலிக்கான் மட்டும் போதாது. இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், பாறைக் கரைகளில் வாழும் ம்புனா வகைச் சிக்லிட் மீன்கள் சும்மா நீந்திக்கொண்டிருக்கும் மீன்கள் அல்ல. தனக்கென்று ஓர் இடம் பிடித்து, வாயால் மணலை அள்ளி அள்ளி அப்பால் துப்பும். மணலின் மேல் கல்லை வைத்தால், ஒரு வாரத்திலேயே அதன் அடியில் பள்ளம் தோண்டிவிடும். கீழ்க்கல் ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், மேலே இருப்பதெல்லாம் கண்ணாடிப் பக்கம் வரும். அதனால் அடிக்கற்கள் தொட்டியின் தரையிலேயே உட்கார வேண்டும். மணலை அவற்றைச் சுற்றி அப்புறம் நிரப்புங்கள். மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் அசையாது.

கல்லை வெறும் கண்ணாடி மேல் வைப்பதா என்று தயங்குவீர்கள். மொத்த எடையை விட, அந்த எடை ஒரே புள்ளியில் இறங்குவதுதான் கண்ணாடிக்கு ஆபத்து. கூர்முனை கீழே பார்க்கும்படி எந்தக் கல்லையும் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அகலமான, தட்டையான முகத்தைக் கீழே கொண்டுவாருங்கள். தரைக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் ஷீட்டோ, விளக்கு மறைப்பாக விற்கும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டோ போடலாம். கை தவறிக் கல் விழுந்தாலும் அடியைக் கொஞ்சம் தாங்கும், கீறலும் விழாது. ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று கூர்க்கல்லைத் தைரியமாக வைக்கக் கூடாது.

தொட்டிக்குள் போவதற்கு முன் வெளியே ஒத்திகை பாருங்கள். தரையில் 90-க்கு 45 செ.மீ. அளவுக்குச் செய்தித்தாளை விரித்து, அதற்குள் அடுக்குங்கள். பெரிய கல் கீழே, சின்னது மேலே. ஒவ்வொரு கல்லும் கீழே இருப்பவற்றை மூன்று இடத்திலாவது தொட வேண்டும். அடுப்புக் கட்டி மூன்று இருந்தால்தானே பானை ஆடாமல் நிற்கும், அதே கணக்கு. அடுக்கி முடித்ததும் மேல்கல்லை இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் பிரித்துவிட்டு மறுபடி அடுக்குங்கள். பசையை எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தண்ணீருக்குள் கல்லின் எடை குறைந்துவிடும். 10 கிலோ எடையுள்ள கெட்டிக் கல் ஏறத்தாழ 4 லிட்டர் நீரை விலக்கும். ஆகவே உள்ளே அது 6 கிலோ கல் போலத்தான் நடந்துகொள்ளும். எடை குறைந்தால் கல்லும் கல்லும் உரசிப் பிடித்துக்கொள்ளும் பிடிமானமும் அதே விகிதத்தில் குறையும். போதாக்குறைக்குப் பாசி வேறு வழுக்கும். தரையில் கல் மாதிரி நின்ற அடுக்கு, தொட்டிக்குள் ஒரு மீன் இடித்தாலே நழுவுவது இதனால்தான். வெளியே "பரவாயில்லை, நிற்கிறது" என்றால் போதாது. அசைக்கவே முடியவில்லை என்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பசை. தன் எடையில் தானே நிற்கும் அடுக்கை இடம் மாறாமல் பிடித்து வைக்கத்தான் அது. நிற்காத கல்லை நிற்க வைக்கும் வேலையை அதற்குக் கொடுக்காதீர்கள். சிலிக்கான் என்றால் மீன் தொட்டிக்கு என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. கல் சுத்தமாகவும் நன்றாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். தூசி படிந்த கல்லில் சிலிக்கான் தோலாக உரிந்து வந்துவிடும். சிலிக்கான் இறுகக் காற்றின் ஈரப்பதம் தேவை, நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஏர்கான் போட்ட அறையை விட ஜன்னல் திறந்த கூடத்தில் சீக்கிரம் இறுகும். அப்படியிருந்தும் தடிமனாகப் பூசிய இடத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். காடி வாடை முழுக்கப் போக வேண்டும்.

அவசரமென்றால் சூப்பர் குளூ ஜெல். ஈரக் கல்லிலும் பிடிக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் அதில் கொஞ்சம் பஞ்சைத் திணித்து மேலே குளூவை விடுவார்கள். உடனே கல்லாக இறுகிவிடும். பஞ்சும் குளூவும் சேர்ந்தால் சூடும் புகையும் கிளம்பும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், கை வெந்துவிடும். அந்த நேரத்தில் மகன் வேறு அறையில் இருக்கட்டும்.

30 கிலோவையும் ஒரே மலையாக ஒட்டிவிடாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. ஒருவர் கையால் தூக்கக்கூடிய அளவில் மூன்று நான்கு தொகுதிகளாக ஒட்டுங்கள். என்றைக்காவது ஒரு முரட்டு ஆண் மீனைப் பிடித்து வெளியேற்ற வேண்டியிருக்கும். அப்போது மலை முழுதும் ஒட்டியிருந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

உயரம் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம். முன்புறமும் பக்கங்களிலும் கண்ணாடியிலிருந்து ஒரு 5 செ.மீ. விடுங்கள், பாசி துடைக்கும் காந்தமும் உங்கள் கையும் போக வேண்டுமே. எந்தக் கல்லும் கண்ணாடியில் சாய்ந்து நிற்கக் கூடாது. மகன் தட்டுவதால் நன்றாக அமர்ந்த கல் விழாது. ஆனால் தட்டுவது மீனைக் கலவரப்படுத்தும், அதைச் சொல்லிக் கொடுங்கள். தட்டலை விடப் பெரிய ஆட்டமும் நமக்கு அவ்வப்போது வருகிறது. சுமத்ராவில் நிலம் நடுங்கினால் இங்கே உயர்மாடிகள் அசைவதை நீங்களே உணர்ந்திருக்கலாம். 2007 மார்ச் 6 அன்று சில கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியேறவே வேண்டியிருந்தது. மேல்மாடியில் இருந்தால் அடுக்கைத் தாழ்வாகவும் அகலமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 மி.மீ. கண்ணாடி, நீர், 30 கிலோ கல், மணல் எல்லாம் சேர்ந்தால் கேபினட் இல்லாமலே சுமார் 230 கிலோ வரும். சுவரோரமாக, சமதளத்தில் வையுங்கள். ஐந்தடி, ஆறடித் தொட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்பது நல்லது.

என்ன கல் என்று நீங்கள் எழுதவில்லை. காடியை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த கல், நீரைக் கடினமாக்கும். டிஸ்கஸ், டெட்ரா போன்ற மீன்களுக்கு அது சிக்கல். மலாவி மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர்தான் பிடிக்கும் என்பதால் உங்களுக்கு லாபமே. துருக்கறையோ உலோகம் போல் மின்னும் கோடுகளோ இருக்கிற கல்லை ஒதுக்குங்கள். டிராகன் கல் எளிதில் உதிரும், அடியில் வைக்காதீர்கள். கல் போதவில்லையென்றால் சிராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் வரிசையாக இருக்கும் மீன் கடைகளில் கையால் தூக்கிப் பார்த்தே பொறுக்கலாம்.

கழுவும்போது பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், சோப்பு வேண்டாம். கல்லைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம்; உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். ஊறப் போட்ட வாளியை மூடி வையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஒரு வாரம் போதும், அந்த வாளி தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் கண்ணில் பட்டால் கல்லின் விலையை விட அபராதம்தான் பெரிதாக இருக்கும்.

உள்ளே வைக்கும்போது தண்ணீர் ஊற்றியிருக்கக் கூடாது. அடியில் பழைய துண்டை விரித்து, அடிக்கற்களை இரண்டு கையாலும் இறக்குங்கள்; கல் நிலையாக அமர இடம் பார்த்த பின் துண்டை உருவிவிடலாம். பிறகு மணல், கடைசியில் தண்ணீர். மீனை அன்றே விட முடியாது. கழிவிலுள்ள அமோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் வாரம் ஒருமுறை மேல்கற்களை விரலால் தள்ளிப் பாருங்கள். ஏதாவது அசைந்தால், மீன் இல்லாத அப்போதே தொகுதியை வெளியே எடுத்துச் சரி செய்துவிடலாம்.