வாசகர் கேள்விகள்: மாகாணமும் மரணக் கணக்கும்

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரிகளில் பல மேல் மாகாணத்தில்தான். ஆனால் ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்று பார்த்தால் கிழக்கில் குறைவு. கிழக்கு மக்கள்தான் ஆரோக்கியமானவர்களா? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிழக்கில் பிள்ளைகள் அதிகம். மேற்கிலும் தெற்கிலும் முதியோர் அதிகம். வயது கூடிய இடத்தில் சாவும் கூடத்தான் செய்யும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். 'அ' மாகாணத்தில் லட்சம் பேரில் 20,000 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 'ஆ'வில் 8,000 பேர்தான். அறுபதுக்குக் கீழ் இரண்டிலும் ஆயிரத்துக்கு 2 சாவு. முதியோரில் 'அ'வில் 40, 'ஆ'வில் 50. கூட்டினால் 'அ'வில் 160 + 800 = 960 சாவு, அதாவது ஆயிரத்துக்கு 9.6. 'ஆ'வில் 184 + 400 = 584, அதாவது 5.8. 'ஆ' நல்ல இடம் போலத் தெரிகிறதல்லவா?

இப்போது இரண்டு இடத்திலும் முதியோர் 12 சதவீதம் என்று வையுங்கள் (2012 கணக்கெடுப்பில் நாட்டின் நிலை ஏறக்குறைய அதுதான்). 'அ' 6.6, 'ஆ' 7.8. படம் தலைகீழ்! மாகாணங்களை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் 'வயதுக்கு ஏற்பத் தரப்படுத்தியது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. இலங்கையில் இறப்பு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவாகும். மட்டக்களப்பு நோயாளி கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காலமானால் அது கொழும்புக் கணக்கு. ஆகவே 'வழக்கமாக வசிக்கும் மாவட்டம்' வாரியான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஆண்டுகள் என்றால் வகுக்கும் எண்ணையே (மக்கள்தொகையையே) நம்ப முடியாது: 2001 கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வடக்கு, கிழக்கின் பல பகுதிகளுக்கு 2012 வரை மதிப்பீடுதான்.

கேள்வி: தோட்டப் பிள்ளைகள் குள்ளமாக இருப்பது பரம்பரையால் என்கிறார்களே? (வாசகி, ஹட்டன்)

பதில்: அது சாக்குப்போக்கு. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32. ஒரு சந்ததிக்குள் இந்த விகிதம் இறங்கக்கூடியது. பரம்பரை என்றால் அப்படி இறங்காது. தாயின் இரத்தச்சோகை, எடை குறைந்த பிறப்பு, லயத்தின் தண்ணீரால் திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டம், கஞ்சியும் ரொட்டியுமே உணவு, இவை கூடி வளர்ச்சியை நிறுத்துகின்றன.

கிளினிக்கில் நிறையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் குள்ளத்தன்மை பிடிபடாது, ஏனெனில் குட்டையான பிள்ளையின் நிறை உயரத்துக்குப் பொருத்தமாகவே இருக்கும். குடும்பநல உத்தியோகத்தரிடம் உயரத்தையும் பதியச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்து அளந்துவிட்டால் 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். பிறந்த திகதி சரியா என்றும் பாருங்கள். ஒரு மாதப் பிழை கூட வளர்ச்சி அட்டையின் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடக்கூடும்.

மாகாணச் சராசரியை நம்பி இருக்காதீர்கள். மத்திய மாகாணத்தில் கண்டியும் மாத்தளையும் சேரும்போது நுவரெலியாவின் நிலை கரைந்துபோகும். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: அநுராதபுரம் பக்கம் சிறுநீரக நோய் வருகிறது என்பதால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். போதுமா? (வாசகர், மதவாச்சி)

பதில்: போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். சந்தேகத்துக்குரிய புளோரைட்டும் உப்பும் அப்படியே இருக்கும், தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு அடர்த்தியும் கூடும். நோய்க்கு ஒரே காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. என்றாலும் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைக் குடிப்பதே புத்தி. ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. வயல் வேலை செய்பவர்கள், குறிப்பாக ஆண்கள், ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமினும் (ஒரு புரதம்) இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சோதித்துக்கொள்ளுங்கள்.